மெழுகில்லா டூரிங் ஸ்கீ: காட்டினோ முதல் லாரன்சியன் வரை போக எதை வாங்குவது?

கடைக்குப் போய் க்ராஸ் கன்ட்ரி ஸ்கீ வேண்டும், பனியைப் பிடிக்க அடியில் மெழுகு பூசும் தொல்லை இல்லாததாக வேண்டும் என்று கேட்டால், விற்பவர் உங்கள் உயரத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஒரு ஜோடியை எடுத்துக் கையில் கொடுப்பார். அவர் கேட்டிருக்க வேண்டியது உங்கள் எடையை. அதற்கும் முன்னால், எந்த மாதிரிப் பாதையில், எந்த மாதிரிப் பனியில் போகப் போகிறீர்கள் என்பதை. அவர் கேட்காவிட்டாலும் இந்த மூன்றையும் நீங்களே சொல்லத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

லிஃப்டில் ஏறி மலையிலிருந்து இறங்கும் ஸ்கீ இங்கே பேச்சில் இல்லை. குதிகால் தளர்ந்திருக்க, நடந்தும் சறுக்கியும் காட்டுக்குள் போகிற டூரிங் ஸ்கீதான் விஷயம். கனடாவில், ஒட்டாவாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் காட்டினோ பூங்கா முதல் மான்ட்ரியாலுக்கு வடக்கே லாரன்சியன் குன்றுகள் வரையுள்ள நிலத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். அங்குள்ள தமிழர்களுக்கு அது வார இறுதியில் போய்வரும் தூரம். அதோடு, ஒரே நாளில் இயந்திரம் சமன்செய்த அகலமான பாதை, மேப்பிள் காட்டுக்குள் ஒற்றையடித் தடம், உறைந்த ஏரி, செங்குத்தான சரிவு எல்லாம் அங்கே வந்துவிடும். காலையில் மைனஸ் 20, இரண்டு நாள் கழித்து மழை, மறுநாள் எல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். இந்த மாதிரி இடத்துக்கென்றே செய்தது மெழுகில்லா ஸ்கீ.

முதலில், செதில் எப்படிப் பிடிக்கிறது

ஸ்கீயின் அடியில், பாதத்துக்கு நேர் கீழேயும் அதற்குச் சற்று முன்னாலும், மீன் செதில் போல வரிசையாக வெட்டியிருப்பார்கள். முன்னால் போகும்போது பனி அதன்மேல் வழுக்கிப் போகும். பின்னால் நழுவப் பார்த்தால் செதிலின் விளிம்பு பனியில் குத்தி நிற்கும்.

செதில் எந்நேரமும் பனியை உரசிக்கொண்டே இருந்தால் சறுக்க முடியாது. அதனால்தான் ஸ்கீயின் நடுப்பகுதியை மேல்நோக்கி வளைத்துச் செய்கிறார்கள். எடை இரண்டு காலிலும் பிரிந்திருக்கும்போது முனையும் வாலும் அதைத் தாங்கும். நடுப்பகுதி லேசாகத் தூக்கியிருக்கும், ஸ்கீ சறுக்கும். ஒரே காலில் முழு எடையையும் ஊன்றி உந்தினால் வளைவு தட்டையாகி, செதில் பனியில் அழுந்திப் பிடிக்கும்.

கடையில் கேட்கிற மற்ற எல்லாப் பேச்சும் இதற்குப் பிறகுதான். வளைவு உங்கள் எடைக்கு மிஞ்சிய விறைப்பாக இருந்தால் செதில் பனியை எட்டாது, ஏற்றத்தில் பின்னால் வழுக்குவீர்கள். தளர்வாக இருந்தால் செதில் அழுந்தியே கிடக்கும், இறக்கத்தில்கூட நடந்துதான் போக வேண்டும். செதில் எவ்வளவு நவீனமானது என்று விளம்பரம் சொல்லட்டும். அதை அழுத்துவது உங்கள் எடைதான்.

படி 1: எங்கே போவீர்கள் என்று உண்மையாக எழுதிப் பாருங்கள்

ஆசைப்படும் இடத்தை எழுதாதீர்கள், போகப்போகும் இடத்தை எழுதுங்கள். காட்டினோவில் குளிர்காலத்தில் பார்க்வே சாலைகளில் கார் விடமாட்டார்கள். சாம்ப்ளெயின் லுக்அவுட் என்ற காட்சிமுனை வரை ஸ்கீக்காகச் சமன்செய்து, ஓரத்தில் இணையாக இரண்டு பள்ளங்களும் போட்டுவைப்பார்கள். அதே பூங்காவில் இயந்திரமே போகாத காட்டுத் தடங்களும் உண்டு. கியோகன், ஹ்யூரன், வெஸ்டர்ன் என்று வழியில் விறகடுப்போடு இருக்கும் குடில்களில் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கலாம்.

லாரன்சியனில் கதை வேறு. நார்வேயில் பிறந்து கனடாவுக்கு வந்த ஹெர்மன் ஸ்மித்-யோஹான்சன் 1930களில் அங்கே வெட்டிய மேப்பிள் லீஃப் தடம் போன்ற பழைய வழிகள் குறுகலானவை, வளைந்து வளைந்து ஏறி இறங்குபவை. ஜாக்ராபிட் என்று எல்லோரும் அழைத்த அந்த மனிதர் 1875இல் பிறந்து 1987இல்தான் இறந்தார். ஸ்கீ உடம்புக்கு நல்லதா என்று யாராவது கேட்டால் அவர் பெயரைச் சொல்லிவிடுவேன்.

பத்துப் பயணத்தில் எட்டு சமன்செய்த பாதையில்தான் என்றால் ஒரு வகை ஸ்கீ. பாதிக்குப் பாதி என்றால் இன்னொன்று. பெரும்பாலும் தடமே இல்லாத காடு, அதில் இறக்கத்தில் திரும்பி விளையாடவும் ஆசை என்றால் மூன்றாவது. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்கீ கிடைக்காது. ஆனால் நடுவில் இருப்பது இரண்டு பக்கமும் ஓரளவு சமாளிக்கும்.

படி 2: அகலம்

ஸ்கீயின் மேல் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: முனை, இடை, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். ஃபிஷர் டிராவர்ஸ் 78 என்ற ஸ்கீயில் 78-61-69 என்று இருக்கும். இடை ஒடுங்கி முனை அகன்றிருக்கும் அளவுக்குத் திருப்புவது எளிது. நேர்க்கோட்டில் போவது அந்த அளவுக்குச் சற்றுத் தடுமாறும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஃபிஷர், ரோசிக்னோல் நிறுவனங்கள் டூரிங் ஸ்கீயின் பெயரில் போடும் எண் முனையின் அகலம். மாட்ஷுஸ் நிறுவனத்தின் பனோரமா வரிசையில் எண் இடையின் அகலம். டிராவர்ஸ் 78ம் பனோரமா எம்78ம் பெயரில் ஒன்று போலத் தோன்றும். ஆனால் எம்78இன் முனை 109 மி.மீ.; இரண்டும் இரண்டு வேறு வேலைக்கானவை. இணையத்தில் வாங்குகிறவர்கள் பெயரை விட்டுவிட்டு மூன்று எண்களையும் பாருங்கள்.

இயந்திரம் போட்ட பள்ளத்துக்குள் ஸ்கீ சிக்காமல் ஓட வேண்டும் என்றால் முனை 70 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. 78இலிருந்து 90 வரை முனை, 60இலிருந்து 68 வரை இடை: இது நடுத்தரம். பள்ளத்தின் சுவரில் உரசும், ஆனால் பள்ளத்துக்கு வெளியே சமன்செய்த பரப்பில் தாராளமாகப் போகும். முழங்கால் அளவுப் புதுப்பனியிலும் ஓரளவு மிதக்கும். முனை 98க்கு மேல் போனால் குன்றுகளுக்கானது: ஏறவும் இறங்கும்போது திரும்பவும் சுகம், சமதளத்தில் கால் கடுக்கும்.

என் கருத்து: காட்டினோவும் லாரன்சியனும் கலந்து போகிற ஒருவருக்கு அந்த நடுத்தரமே போதும். ஃபிஷரின் டிராவர்ஸ் 78, எக்ஸ்கர்ஷன் 88, மாட்ஷுஸ் எம்62, ரோசிக்னோல் பிசி 80 எல்லாம் இந்த அளவையொட்டியவை. வாங்குகிறவர்கள் ஏனோ அகலத்தைக் கண்டு மயங்குகிறார்கள். அகலமான ஸ்கீக்குக் கனமான பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) வேண்டும், கனமான பூட்ஸ் வேண்டும். கடைசியில் ஏரியின் சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு நடக்கும்போதுதான் கணக்கு புரியும்.

படி 3: விறைப்பும் நீளமும்

இதற்கு நேரம் செலவழியுங்கள். மற்ற எதில் அவசரப்பட்டாலும் இதில் வேண்டாம்.

பந்தய ஸ்கீயில் இரட்டை வளைவு இருக்கும்: முதல் வளைவு எளிதில் அமுங்கும், அதற்குள் விறைப்பான இரண்டாவது வளைவு ஒன்று உந்தும்போது மட்டும் அமுங்கும். வேகத்துக்கு அது அருமை. ஆனால் மென்மையான பனியில், களைத்துப்போன மாலை நேரத்தில், அதை அமுக்க நம்மால் ஆகாது. குன்றிலிருந்து திரும்பித் திரும்பி இறங்கும் அகல ஸ்கீயில் ஒற்றை வளைவு; திருப்பத்தில் ஸ்கீ முழுதும் ஒரே வில்லாக வளைய வேண்டும் என்பதற்காக. டூரிங்குக்கு இரண்டுக்கும் நடுவே ஒன்றரை வளைவு என்று சொல்வார்கள். அதைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது எடை. குளியலறைத் தராசில் காட்டுவதைச் சொல்லாதீர்கள். குளிர் உடை, பூட்ஸ், தண்ணீர், சாப்பாடு, மாற்றுச் சட்டை எல்லாம் போட்ட பையோடு ஏறி நின்று பார்த்த எடையைச் சொல்லுங்கள். ஒரு நாள் பயணத்துக்கே ஆறேழு கிலோ கூடிவிடும். நிறுவனத்தின் அட்டவணையில் அந்த எடைக்கு எந்த நீளம் என்று பாருங்கள். உயரம் இரண்டாவது விஷயம்தான். டூரிங் ஸ்கீகள் பெரும்பாலும் 170இலிருந்து 200 செ.மீ. வரை பத்துப் பத்து செ.மீ. இடைவெளியில் வரும். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டினால், குறுகலான காட்டுப் பாதைக்கும் புதிதாகக் கற்பவருக்கும் குட்டையானது. ஏரி, சமதளம், கனமான பை என்றால் நீளமானது.

அட்டவணையை நம்பி மட்டும் வாங்காமல் காகிதச் சோதனை செய்யுங்கள். நல்ல கடையில் இதற்கென்று ஒரு சமப்பலகையே இருக்கும். இல்லாவிட்டால் கடினமான சமதரை போதும். ஸ்கீயை விரல்மேல் வைத்து அது சமநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். தரையில் இரண்டு ஸ்கீயையும் வைத்து, அந்தப் புள்ளியில் கால் கட்டைவிரல் வரும்படி, பையோடு ஏறி நில்லுங்கள். எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கட்டும். கூட வந்தவர் ஒரு காகிதத்தை, பாதத்துக்கு நேர் கீழே, ஸ்கீக்கும் தரைக்கும் நடுவே நுழைத்து முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். செதில் பகுதியின் பெரும்பாலான இடத்தில் அது தடையின்றியோ லேசான உரசலோடோ நகர்ந்தால் சரி. அடுத்து முழு எடையையும் ஒரு காலுக்கு, பாதத்தின் முன்பகுதிக்கு, மாற்றுங்கள். காகிதம் இப்போது இறுகிக்கொள்ள வேண்டும். அப்போதும் நகர்ந்தால் அந்த ஸ்கீ உங்களுக்கு விறைப்பு. இரண்டு காலில் நிற்கும்போதே நகராவிட்டால் தளர்வு. மற்ற ஸ்கீயிலும் இதையே செய்து பாருங்கள்; ஒரே ஜோடியில் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றாலும் எப்போதும் அப்படி அமைவதில்லை.

தரை கெட்டியானது, புதுப்பனி அப்படி இல்லை. மென்பனியில் ஸ்கீயின் நடுப்பகுதியையும் பனியே கீழிருந்து தாங்கும், அதனால் செதில் பனியைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். விறைப்பான ஸ்கீ அங்கே பள்ளம் தோண்டும், முனை மேலே எழாது. ஆகவே, தடமில்லாத காடுதான் உங்கள் இடம் என்றால் காகிதச் சோதனையில் சற்றுத் தளர்வாக வந்தாலும் எடுக்கலாம். சமன்செய்த பாதைதான் என்றால் விறைப்பின் பக்கம் சாயுங்கள்.

படி 4: உங்கள் ஊர்ப் பனிக்குச் செதில் பொருந்துமா?

மைனஸ் 10இல், உலர்ந்த பனியில், சரியான மெழுகு பூசிய ஸ்கீயைச் செதில் ஸ்கீ வெல்லாது. பிடிப்பிலும் தோற்கும், வேகத்திலும் தோற்கும். அதை மறைப்பதில் பயனில்லை. செதில் ஜெயிக்கும் இடம் பூஜ்ஜியத்தை ஒட்டியது. நிழலில் மைனஸ் 2, வெயிலில் பிளஸ் 2, பாதையின் ஒரு பக்கம் பழைய குருணைப் பனி, மறுபக்கம் ஈரமான புதுப்பனி என்று இருக்கும் நாளில் மெழுகுக்காரர் வழி நெடுக நின்று சுரண்டிப் பூசிக்கொண்டிருப்பார். மார்ச் மாத லாரன்சியன் முழுக்க இப்படித்தான்.

செதில் தோற்கும் இன்னொரு இடம் பனிக்கட்டி. உறைமழை பெய்த மறுநாள் தடம் இறுகிக் கிடக்கும்போது செதிலின் விளிம்புக்குக் குத்த எதுவும் இருக்காது. அங்கே பாதத்துக்கு அடியில் மோஹேர் என்ற ஆட்டு ரோமப் பட்டை பதித்த ஸ்கீ நன்றாகப் பிடிக்கும், சத்தமும் போடாது. அதுவும் மெழுகில்லா வகைதான். சமன்செய்த பாதைக்காரர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். காட்டுக்கு? ரோமம் தேயும், ஈரத்தில் ஊறி உறைந்துவிடும், ஆரம்பப் பருவத்தில் கல்லும் குச்சியும் உரசினால் கிழியும். செதில் வருடக்கணக்காக ஒன்றும் கேட்காமல் உழைக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டு. ஃபிஷர், ஓஸ்னெஸ், மாட்ஷுஸ் மூன்றுமே செதில் ஸ்கீயின் முன்பகுதியில் மாட்டிக்கொள்ளும்படி குட்டையான ரோமப் பட்டைகளைத் தனியாக விற்கின்றன. செங்குத்தான ஏற்றம் வந்தால் மாட்டிக்கொள்ளலாம், உச்சியில் கழற்றிப் பைக்குள் வைக்கலாம். ஆனால் அதற்கான கொக்கி அமைப்பு ஸ்கீயிலேயே இருக்க வேண்டும். பின்னால் வாங்குவதாக இருந்தாலும் அந்த அமைப்புள்ள ஸ்கீயாகப் பார்த்து எடுத்துவைப்பது புத்திசாலித்தனம்.

செதிலிலும் இரண்டு வகை. அடிப்பரப்பிலிருந்து புடைத்து நிற்பது நன்றாகப் பிடிக்கும், மெதுவாக ஓடும். அடிப்பரப்புக்குள் குடைந்து வெட்டியது வேகமாக ஓடும், பிடிப்பு சற்றுக் குறையும். குன்றுப் பகுதிக்கு முதலாவதுதான் என் தேர்வு. இறுகிய தடத்தில் அது ர்ர்ர் என்று ஒலி எழுப்பும், பழகிக்கொள்ளுங்கள்.

படி 5: உலோக விளிம்பு

பக்கவாட்டில் எஃகு விளிம்பு வைத்த ஸ்கீ, பொருக்குத் தட்டிய பனியிலும் உறைந்த இறக்கத்திலும் கடித்து நிற்கும். விலையாக எடை கூடும். சமன்செய்த பாதைக்குத் தேவையில்லை. மேப்பிள் காட்டில், மழைக்குப்பின் உறைந்த குறுகிய இறக்கத்தில், எதிரே மரம் நிற்கும்போது தேவைப்படும். கலவையான பயணத்துக்கு விளிம்போடு வாங்குங்கள். முனையும் வாலும் விட்டு நடுவில் மட்டும் விளிம்பு வைத்த மாதிரிகளும் உண்டு, அவை எடையை மிச்சப்படுத்தும்.

படி 6: பூட்ஸும் பைண்டிங்கும்

பட்டியலில் ஆறாவதாக வந்தாலும் பணம் கொடுக்கும்போது பூட்ஸ்தான் முதலில். காலுக்குப் பொருந்தாத பூட்ஸில் நல்ல ஸ்கீயும் வீண். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் கம்பளிக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். குதிகால் எழும்பக் கூடாது, விரல்கள் அசைய வேண்டும். மைனஸ் 20இல் இறுக்கமான பூட்ஸ் என்றால் விரல் உறைவதற்கு அழைப்புக் கொடுத்த மாதிரி.

பூட்ஸ் எந்த அமைப்போ அதே பைண்டிங்தான் பொருந்தும். என்என்என் (NNN) என்பது பூட்ஸின் முன்கம்பியைப் பைண்டிங் கவ்விக்கொள்ளும் ஓர் அமைப்பு. சமன்செய்த பாதைக்கான சாதாரண என்என்என் பூட்ஸ், டூரிங்குக்கான என்என்என் பிசி (NNN BC) பைண்டிங்கில் மாட்டாது. பிசியின் கம்பி தடிமனானது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இதில் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். நடுத்தர அகல ஸ்கீக்கு என்என்என் பிசி சரியான ஜோடி. பைண்டிங் செய்யும் ரொட்டெஃபெல்லா நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோர் அமைப்பு பக்கவாட்டில் இன்னும் உறுதி, விலையும் கூடுதல். மூன்று ஊசி கொண்ட 75 மி.மீ. பைண்டிங் மிகப் பழையது. அதன் மூலவடிவத்தை நார்வேயின் ப்ரோர் வித் 1927இல் செய்தார். இன்றும் அகல ஸ்கீக்கும், வழியில் உடைந்தால் கம்பியால் கட்டிச் சமாளிக்க நினைப்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். பைண்டிங்கைக் கடையிலேயே பொருத்தச் சொல்லுங்கள். பூட்ஸின் முன்கம்பி, ஸ்கீயின் சமநிலைப் புள்ளிக்கு நேராக வர வேண்டும்.

போல், அதாவது கையில் பிடிக்கும் ஊன்றுகோல், பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்குள் உயரம், பனியில் புதையாதிருக்க நுனியில் பெரிய வட்டுகள், முடிந்தால் நீளத்தை மாற்றக்கூடியது.

படி 7: பழையது வாங்கினால்

மாணவர்களும் புதிதாக வந்தவர்களும் பழையதையே வாங்குவது நல்ல யோசனை. இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்து ஒளிக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் இடைவெளி சீராகத் தெரிய வேண்டும். ஒரு கையாலேயே சப்பென்று மூடிவிட்டால் வளைவு செத்துவிட்டது. செதிலின் விளிம்பில் நகத்தை வைத்து இழுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கினால் அது மழுங்கிவிட்டது, திரும்பக் கூர்மையாக்க முடியாது. முனையிலும் வாலிலும் அடுக்குகள் பிரிந்திருக்கிறதா, பைண்டிங் திருகுகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். விளிம்பின் மேலோட்டமான துரு பிரச்சினை இல்லை, தேய்த்தால் போகும். பழைய பூட்ஸில் மட்டும் கவனம்: பாலியூரிதேன் அடிப்பாகம் வருடங்கள் ஆக ஆக உள்ளுக்குள் இற்றுப்போகும், வெளியே புதிது போலிருக்கும். நன்றாக வளைத்துப் பாருங்கள், வெடித்தால் வேண்டாம். காட்டின் நடுவில் அடிப்பாகம் கழன்றால் ஸ்கீயைத் தோளில் போட்டு நடக்க வேண்டியதுதான்.

எந்த வகை ஒத்துவரும் என்று தெரியாவிட்டால், ஒரு வார இறுதிக்கு இரண்டு அகலத்தில் வாடகைக்கு எடுத்து, ஒரே பாதையில் மாற்றி மாற்றிப் போய்ப் பாருங்கள்.

படி 8: மெழுகில்லா ஸ்கீக்கும் மெழுகு வேண்டும்

மெழுகில்லா என்றால் பிடிப்புக்கான மெழுகு வேண்டாம் என்றுதான் பொருள். முனைப் பகுதிக்கும் வால் பகுதிக்கும் சறுக்கும் மெழுகு தேவை. திரவமாகவோ பசையாகவோ கிடைக்கிறது, துணியால் தேய்த்தால் போதும். செதில் பகுதிக்குத் திரவ வகையை மட்டும் பயன்படுத்துங்கள். கெட்டி மெழுகை உருக்கி விட்டால் பள்ளங்கள் அடைபடும். ஃப்ளோரின் கலந்த மெழுகு வேண்டாம். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பே 2023-24 பருவத்திலிருந்து பந்தயங்களில் அதைத் தடை செய்துவிட்டது. உடம்புக்கும் மண்ணுக்கும் கேடு, மக்கவும் மக்காது.

செதிலில் மெழுகு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது பூஜ்ஜியத்தை ஒட்டிய நாளில் தெரியும். ஈரப்பனியிலிருந்து நிழலின் உலர்பனிக்குள் நுழைந்ததும் செதிலில் பனி உறைந்து ஒட்டும், ஒவ்வொரு காலுக்கும் கட்டி கட்டியாகச் சேரும். ஏரியில் இது இன்னும் மோசம். மேலே வெள்ளைப் பனி, அதற்கடியில் பனிக்கட்டி மீது தண்ணீர் தேங்கி நிற்கும். ஸ்கீ அதில் நனைந்து வெளியே வந்த மறுநிமிடம் அடிப்பக்கம் முழுக்கப் பனிக்கட்டி. பையின் வெளிப்பையில் ஒரு பிளாஸ்டிக் சுரண்டியும் சின்னக் குப்பித் திரவ மெழுகும் எப்போதும் இருக்கட்டும். சுரண்டும்போது முனையிலிருந்து வால் நோக்கிச் சுரண்டுங்கள், எதிர்த்திசையில் இழுத்தால் செதிலின் விளிம்பு சேதமாகும்.

வீட்டுக்கு வந்ததும் துடைத்து, உலோக விளிம்பை ஈரம் போகத் தேய்த்து, நின்றவாக்கில் காய வையுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். பருவம் முடிந்ததும் அடியைச் சுத்தம் செய்து, முனைக்கும் வாலுக்கும் மெழுகைத் தடிமனாகப் பூசிச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள். இரண்டையும் பட்டையால் இறுக்கிக் கட்டி வைத்தால் கோடை முழுக்க வளைவு அமுங்கிக் கிடக்கும். தளர்வாகக் கட்டினாலே போதும்.